வெள்ளிக் காலும் என் இடது முழங்காலும்

ஒரு காலத்தில் நான் திருநெல்வேலி ஜில்லாவின் சாம்பியன். எதில் என்று சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுவது நல்லது. சைக்கிளை மெதுவாக ஓட்டுவதில்.

ஸ்லோ சைக்கிள் ரேஸ் என்பார்கள் ஆபீஸ்காரர்கள். முப்பது கஜத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆளுக்கு இரண்டு முழ அகலத்தில் பாதை பிரித்திருக்கும். விசில் ஊதியதும் கிளம்ப வேண்டும். காலை ஊன்றினால் அவுட், கோட்டைத் தொட்டால் அவுட், சைக்கிள் பின்னால் உருண்டாலும் அவுட். இத்தனையும் தப்பிக் கடைசி ஆளாக எல்லைக்கு வருகிறவனுக்குக் கோப்பை. பிந்தி வந்ததற்காக மாலை போட்டுக் கைதட்டுகிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாதியைப் பயம் கற்றுத்தந்தது, மீதியை யுத்தம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வறுமையால் விட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் காதைத் திருகுவார் என்று கேள்விப்பட்டு, அவரைக் கண்ணால் காணும் முன்பே நின்றுகொண்டேன். அந்த வருஷம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் கருப்பட்டி மண்டியில் சேர்ந்திருந்தேன்.

கப்பல்கள் அப்போதெல்லாம் கரைக்கு வராது. சில மைல் தள்ளிக் கடலிலேயே நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மண்டியிலிருந்து கஸ்டம்ஸ் ஆபீசுக்கும், அங்கிருந்து தோணிகள் கட்டிக் கிடக்கிற ஜெட்டிக்கும் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதற்காக மண்டி சைக்கிள் ஒன்று என்னிடம் விடப்பட்டிருந்தது. தெருவில் மாட்டு வண்டி வந்தால் எனக்குப் பயம். நாய் வந்தால் பயம். எதுவுமே வராமல் தெரு காலியாக இருந்தால், ஏன் காலியாக இருக்கிறது என்று பயம். ஆகவே மெதுவாகத்தான் ஓட்டினேன்.

அப்புறம் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். ரப்பர் வருவது நின்றுபோய், டயர் ஒன்றுக்கு மனுப் போட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. மண்டி முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிட்டு, டயர் தேயாமல் ஓட்டு, பிரேக் பிடிக்காதே, தெருவில் காலை ஊன்றி நிறுத்தவும் செய்யாதே என்று உத்தரவு போட்டார். உத்தரவு இல்லாவிட்டாலும் காலை ஊன்றியிருக்க முடியாது. கஸ்டம்ஸ் ஆபீஸ் வாசலில் தார் ரோடு. சித்திரை வெயிலில் அது அடுப்புச் சட்டி. எனக்குச் செருப்புக் கிடையாது. வாசல் கதவு திறக்கும் வரைக்கும் சைக்கிளின் மேலேயே, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஒரு விரற்கடை திருப்பிக்கொண்டு நிற்பேன். மூன்று வருஷம் அப்படி நின்றேன். அதற்குப் பயிற்சி என்று பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்த வருஷம் வியாபாரிகளும் துறைமுக ஆபீஸ்காரர்களும் சேர்ந்து கடற்கரை மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். மண்டியில் எல்லோரும் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும் என்றார் அண்ணாச்சி. எதில் உயிர் போக வாய்ப்புக் குறைவு என்று யோசித்து மெதுவாக ஓட்டுகிறதில் பெயர் கொடுத்தேன். மற்றவர்கள் விழுந்தார்கள், அல்லது எல்லையைத் தாண்டிப் போனார்கள். நான் பத்தாவது கஜத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜனங்கள் போய்ச் சர்பத் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது பன்னிரண்டாவது கஜத்தில் இருந்தேன். நடுவர் தன் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை காதில் வைத்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு என் மெதுவில் ஒரு பெருமை வந்துவிட்டது. மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இவனை மாதிரி மெதுவா ஓட்ட இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாது" என்பார். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "தோணி போயிரும்லே, சவத்து மூதி, மிதி" என்பார். மறு வருஷம் பாளையங்கோட்டையில் நடந்த ஜில்லாப் போட்டியிலும் ஜெயித்தேன். திருநெல்வேலித் தபால்காரர் ஒருவர் இரண்டாவது வந்தார். அவர் கொண்டுபோகிற கடிதங்களை நினைத்து எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

சுதந்திரம் வந்தபின் வந்த முதல் பொங்கலுக்கு மறுநாள், ஜில்லாப் போட்டியை எங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. நோட்டீசில் ‘நமது ஊர் சாம்பியன் கலந்துகொள்கிறார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொங்கலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. சைக்கிளிலிருந்து நான் ஒரு நாளும் விழுந்ததில்லை. அன்றும் விழவில்லை. மழைக்காலம் முடிந்து ஜெட்டிப் பலகையெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. ஓட்டிக்கொண்டு போனால் வழுக்கும் என்று நான் ஜாக்கிரதையாக இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடந்தபோது வழுக்கியது. இடது முழங்கால் உள்பக்கமாகத் திரும்பி மடங்க, அதன்மேல் சைக்கிள் விழுந்தது. ஓட்டிக்கொண்டு போன இன்னொரு மண்டிக்காரன் ஒரு சேதமும் இல்லாமல் என்னைத் தாண்டிப் போனான்.

மாப்பிள்ளையூரணி எலும்புக்கட்டு வைத்தியர் மண்டிக்கு வந்து பார்த்தார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பொங்கலுக்குள் ஆகிவிடுமா என்று அண்ணாச்சி கேட்டதற்கு, ஓடவே செய்வான் என்றார். அண்ணாச்சி அந்தப் பக்கம் போனதும் என் காதருகே குனிந்து, "நாப்பது நாளு ஆகும் தம்பி. அதுக்கு முன்னால இதுல பாரத்தைப் போட்டா ஆயுசுக்கும் கோணிப்போயிரும்" என்றார். அதை அண்ணாச்சியிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அண்ணாச்சிக்குச் சொந்தமான வீட்டில்தான் தாம் வாடகைக்குக் குடியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆயுசுக்கும் என்ற அந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. நொண்டிக்காலோடு சைக்கிள் மிதிக்க முடியாது. சைக்கிள் மிதிக்க முடியாவிட்டால் மண்டியில் எனக்கு என்ன வேலை? கருப்பட்டிச் சிப்ப மூட்டை தூக்க உடம்பில் தெம்பு இல்லை, கணக்கெழுத ஏழாம் வகுப்புப் போதாது. போட்டியிலிருந்து எப்படியாவது விலகிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

விலகுவதற்கு முதலில் கால் வலிப்பதை யாராவது நம்ப வேண்டும். அங்கேதான் என் பழைய சரித்திரம் குறுக்கே வந்தது. போன வருஷம் பாளையங்கோட்டைக்குக் கிளம்புகிற காலையில் எனக்கு நெஞ்சு அடைத்தது. மோர் குடித்ததும் சரியாயிற்று. அதற்கு முந்தின வருஷம் குண்டூசியை விழுங்கிவிட்டேன் என்று ஒரு பகல் முழுக்க வாழைப்பழமாகத் தின்றேன். ஊசி சட்டைக் காலரில் இருந்தது. கண் மங்குகிறது, காது இரைகிறது, ராத்திரி நாக்கு உள்ளே போகிறது என்று மாதத்துக்கு ஒன்று சொல்லிவந்தவன் நான். நிஜமாக ஒன்று வந்தபோது அதைச் சொல்ல என்னிடம் புதிதாக வார்த்தை இல்லை. பழைய வார்த்தைகளையே சொன்னேன். மண்டியில் சிப்பம் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "போன வருசம் நெஞ்சுல இருந்தது. இப்ப முட்டுக்கு எறங்கிருக்கு. அடுத்த வருசம் தரைக்குப் போயிரும், பயப்படாதலே" என்றான் ஒருவன்.

போட்டிக் கமிட்டிச் செயலாளர் துறைமுக ஆபீசில் ஹெட் கிளார்க். கம்பை ஊன்றிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் மரியாதையாக உட்காரவைத்து, வித்ட்ரா பண்ணுவதென்றால் என்ட்ரி கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். என்ட்ரி கொடுத்தது நான்தானே என்றேன். காகிதத்தை எடுத்துக் காட்டினார். என்ட்ரி மண்டியின் பெயரில் இருந்தது. என் பெயர், சைக்கிளின் பெயருக்குக் கீழே இருந்தது.

அண்ணாச்சியிடம் கேட்கலாம் என்று திரும்பி வந்தால் அவர் ஊரில் இல்லை. ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போயிருந்தார். உடம்பில் எந்த இடத்தில் சீக்கோ அந்த இடத்தை வெள்ளித் தகட்டில் அச்சடித்துச் சாமிக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண், கை, வயிறு எல்லாம் கோயில் வாசலில் தகடாகக் கிடைக்கும். அண்ணாச்சி என் காலுக்காக ஒரு வெள்ளிக் கால் வாங்கி, சன்னதிக்கு முன்னால் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்திருந்தார். குணமான பிறகு போடுவதுதான் முறை. அண்ணாச்சி வியாபாரி. முதலிலேயே சரக்கைக் கொடுத்துவிட்டால் எதிராளி வாக்கு மாறமாட்டான் என்பது அவருடைய அனுபவம். ஜெயித்த பிறகு போடுவதற்கென்று அதே மாதிரி இன்னொரு தகடும் வாங்கிவந்து வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்.

அவர் திரும்பியதும் நான் போய் நின்று, கால் வலிக்கிறது, விலகிக்கொள்கிறேன் என்று பாதி சொல்வதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"தகடு போட்டாச்சுலே. இனிமே அது உன் காலு இல்ல, சாமி பொறுப்பு. வலிக்குன்னா நீ யாரைக் குத்தம் சொல்லுதேன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

அதுவரைக்கும் நான் பொய் சொல்கிறவன் மட்டும்தான். இப்போது தெய்வ நிந்தனை செய்கிறவனும் ஆகிவிட்டேன். கால் வலித்தால் சாமிக்குச் சக்தி இல்லை என்று ஆகிறது. சாமிக்குச் சக்தி உண்டு, எனவே கால் வலிக்கவில்லை. இந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு இல்லை. வலிக்கும்போதெல்லாம் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். படி ஏறும்போது நிறையக் கேட்க வேண்டியிருந்தது.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கையில் மண்டி முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டச் சொன்னார் அண்ணாச்சி. கட்டைப் பிரித்துவிட்டேன். ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள ஏறி உட்கார்ந்தேன். அவன் விட்டதும் இடது பெடலில் எடையை வைத்தேன். முழங்காலுக்குள் ஏதோ இடம் மாறிய மாதிரி இருந்தது. அடுத்த நொடி கால் தரையில். நான் ஊன்றவில்லை, அதுவாக இறங்கியது. சிப்பக்காரர்கள் கைதட்டினார்கள். அண்ணாச்சி, "நடிக்கான்" என்று ஒரே வார்த்தை சொன்னார். "இன்னொரு வாட்டி ஏத்துங்கலே அவனை."

அப்போதுதான் வீட்டுப் பக்கத்துக் கதவு திறந்து அண்ணாச்சியின் சம்சாரம் வந்தாள். மதினி என்று நாங்கள் கூப்பிடுவோம். மண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவைத் தாண்டி, ஆட்கள் இருக்கும்போது அவள் வந்து நான் பார்த்ததில்லை. கையில் பூஜை அலமாரித் தகடு இருந்தது. விபூதி போட்டுத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இங்கேருங்க. இது எந்தக் காலு?"

"என்னளா கேக்கே? காலுன்னா காலுதான்."

"அப்படிச் சொன்னா எப்படி? ஏலே, நீ இங்கன வந்து நேரா நில்லு."

நின்றேன். அவள் எனக்கு எதிரே குனிந்து, தகட்டை என் இடது காலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும், ஐந்து விரலும் முன்னால் தெரிகிற மாதிரி அச்சு. என் கட்டைவிரல் ஒரு பக்கம் இருந்தது, தகட்டின் கட்டைவிரல் மறுபக்கம் இருந்தது. அப்புறம் வலது காலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது.

"பாத்தியளா? இவனுக்கு அடிபட்டது இடது. நீங்க போட்டது வலது. சாமி என்ன செய்யும்? கேட்டதைக் குடுத்திருக்கு. ஏலே, ஒன் வலது காலு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மதினி."

"ஒரு வலி கிலி?"

"ஒண்ணும் இல்ல."

அவள் தகட்டை அண்ணாச்சியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி தகட்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், வேட்டியைக் கொஞ்சம் தூக்கி மறுபடியும் பார்த்தார். கடைசியில் சிப்பக்காரர்களைப் பார்த்து, கோயில் வாசலில் கடை போட்டிருக்கிறவன் மகா திருடன் என்றார். அவர்களும் ஆமாம் என்றார்கள். நடிப்பு என்று கைதட்டியவர்களே என்னைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சாமிக்கும் கௌரவம் மிஞ்சியது, அண்ணாச்சிக்கும் மிஞ்சியது. என் முழங்கால் வலிக்க அனுமதி கிடைத்தது.

சாயங்காலமே விலகல் கடிதத்தில் கையெழுத்தானது. செயலாளர் இங்கிலீஷில் இன்ஜுரி என்று எழுதியிருந்தார். அது போதாது என்று அண்ணாச்சி சொல்லி, ‘இடது’ என்பதைத் தமிழில் தனியாக எழுதவைத்து, அடியில் கோடும் போடச் செய்தார்.

போட்டி அன்றைக்கு எனக்குப் பந்தலில் அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலி. கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார்கள். கோப்பை வாங்கிய வருஷங்களில்கூட அவ்வளவு பேர் என்னிடம் வந்து பேசியதில்லை. வந்தவர்களிடமெல்லாம் அண்ணாச்சி வலது, இடது விஷயத்தைச் சொல்லி, இரண்டு காலையும் காட்டச் சொன்னார். நான் காட்டினேன். வாடைக்காற்று எதிர்முகமாக அடித்தது. மெதுவாக ஓட்டுகிறவனுக்கு எதிர்காற்று போல் நல்ல பிரேக் கிடையாது. அந்தக் காற்றில் நான் போயிருந்தால் பொழுது சாய்ந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் எனக்கே ஆசை வந்தது. உடனே பயந்து காலைப் பார்த்துக்கொண்டேன்.

தபால்காரர் ஜெயித்தார். என்னிடம் வந்து, நீங்கள் இல்லாமல் ஜெயித்தது ஜெயித்ததாகவே தோன்றவில்லை என்றார். சொல்லும்போது கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

இடது கால் தகட்டை அண்ணாச்சி உள்ளூர்ப் பத்தரிடமே சொல்லிச் செய்தார். கம்மலுக்கு முத்துப் பதிக்கிற பத்தர் அவர். இத்தனை வருஷத்தில் இடது கால் வேண்டும் என்று யாரும் கேட்டு வந்ததில்லையே, எல்லோரும் ஒரே அச்சில்தானே குணமாகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே செய்தாராம். தகடு வந்த அன்று மத்தியானம் மதினி என்னை அலமாரிக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். புதுத் தகட்டை ஒரு உள்ளங்கையில் வைத்தாள். பழைய தகட்டை மற்றதில் வைத்தாள். பிறகு பழையதைப் புரட்டி, முதுகுப் பக்கம் மேலே வரும்படி வைத்தாள்.

தகடு மெல்லியது. முன்னால் புடைத்திருந்தது பின்னால் குழிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். புரட்டியதும் கட்டைவிரல் இடம் மாறிவிட்டது. இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு இடது கால்.

"மதினி, அப்ப முதல்ல போட்டதே சரிதானா?"

"சத்தம் போடாதே. அண்ணாச்சி முழிச்சிருவாக."

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தொடைச்சவளுக்கு ரெண்டு பக்கமும் தெரியாதா?"

என் கால் நிஜமாகவே வலிக்கிறது என்று மட்டும் எப்படி நம்பினாள் என்று கேட்டேன். அதுவரைக்கும் யாருமே நம்பியிருக்கவில்லை. சில நாள் நானே நம்பவில்லை.

"கதவு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நடிக்கவன் ஆளு இருக்கும்போது நொண்டுவான். நீ முற்றத்துல ஒருத்தரும் இல்லாதப்பவும் நொண்டினே. படியில உக்காந்து உக்காந்து எறங்கினே." தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துணியில் முடிந்தாள். "போலே, போயிக் காலை நீட்டி உக்காரு. நாப்பது நாளு ஆகலியே இன்னும்."

வைத்தியர் நாற்பது நாள் என்று என் காதில் மட்டும்தான் சொன்னார். கதவு இடுக்கு எவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கால் கோணாமல் பிழைத்தது. மண்டி வேலையும் பிழைத்தது. குணமானதும் புதுத் தகட்டை அண்ணாச்சி தம் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டார். மறு வருஷம் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் என் வலது காலுக்கு ஒரு குறையும் கிடையாது. இடது முழங்கால் மட்டும் வாடைக்காற்று திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடும்.

ஒரு விஷயம்தான் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது. சன்னதிக் கம்பியில் தொங்குகிறதே அந்த முதல் தகடு, அதை எந்தப் பக்கம் சாமியைப் பார்க்கும்படி கட்டினார்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டேன். காற்றில் அது சுற்றுகிற தகடு என்பது வேறு.